உயிரோடு வருபவருக்கு லீவு இல்லையா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் பிலவேந்திரன் அவர்களே, பள்ளிக் கமிட்டிச் செயலாளர் இராமலிங்கம் அவர்களே, அரியலூரிலிருந்து கரி பஸ்ஸின் புகையைக் குடித்தபடி வந்து சேர்ந்திருக்கும் அங்கத்தினர்களே, என்னோடு சுண்ணக்கட்டி பிடிக்கும் ஆசிரியத் தோழர்களே, இடுப்பிலே பிள்ளையும் நெஞ்சிலே பொறுமையுமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! உங்கள் பள்ளியின் தலைமையாசிரியை கைகூப்பி நிற்கிறேன்.

மலர்கொடி என்ற புதிய ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கலாமா, கூடாதா? இன்று நீங்கள் முடிவு செய்யப்போவது இந்த ஒன்றைத்தான். அவர் செய்த குற்றம் என்ன? வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரத்தில், லீவு மறுக்கப்பட்ட பிறகும், ஒரு நாள் வராமல் இருந்துவிட்டார். ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு, உறவினர் இறந்தால் ஒழிய, லீவு கிடையாது என்பது விதி. அந்த விதியை எழுதியவள் யார்? நான்தான்!

நடந்ததைச் சொல்கிறேன். போன புதன்கிழமை மலர்கொடி கையிலே தந்தியும் கண்ணிலே நீருமாக என் அறைக்கு வந்தார். நம் ஊரில் தந்தி என்றால் என்ன பொருள்? படிப்பதற்கு முன்பே அழுகிற ஊர் அல்லவா இது! நானும் படிக்கவில்லை. லீவுக் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வாசலில் அமிர்தவல்லி டீச்சர் ஒப்பாரிக்கே ஆயத்தமாகிவிட்டார்.

பிறகுதான் கேட்டேன்: "யாரும்மா தவறிட்டாங்க?"

"ஐயோ, யாரும் தவறலீங்கம்மா! சிங்கப்பூர் சண்டையில காணாமப் போன என் வூட்டுக்காரரு உசுரோட வராருங்க. நாளைக்குக் காலையில அரியலூர் ஸ்டேஷன்ல எறங்குறாருங்க."

பெரியோர்களே! நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நின்று அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? பேனாவை எடுத்து, மை உலராத என் கையெழுத்தை நானே அடித்தேன்! "சாவு இல்லையேம்மா, விதியில் இடமில்லை" என்றேன். இறந்திருந்தால் லீவு; இருந்தால் இல்லை! சாவுக்குக் கதவு திறந்து, வாழ்வுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

செயலாளர் ஐயா 'கூடாது' என்று தலையசைக்கிறார். விதி என்றால் விதிதான் என்கிற அவர் மனம் எனக்குத் தெரியும். என்ன? பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: "இப்புடி உட்டா, வர்றவங்க எல்லாரும் லீவு கேப்பாங்களே?"

கேட்கட்டுமே ஐயா! கேட்கிறவர் நேர்மையானவர். கேட்க அஞ்சுகிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? நம் பள்ளியில் ஒருவருக்கு ஒரே சித்தப்பா ஒரே ஆண்டில் இருமுறை இறந்தார். தீபாவளிக்கு அந்தச் சித்தப்பாவே எனக்கு முறுக்குக் கொடுத்தனுப்பினார்! சிரிக்கிறீர்கள். அவரைப் பொய்யராக்கியது எது? என் விதி! உண்மை பேசிய மலர்கொடியைக் குற்றவாளி ஆக்கியதும் அதே விதி!

அந்தப் புதன்கிழமை முதல் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்: ஏன் இவ்வளவு கடுமை? இருபது ஆண்டுகளுக்கு முன் நான் புதியவள். வரதராஜன்பேட்டைக் கோயிலில் என் தங்கைக்குக் கல்யாணம். நான் இங்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். லீவு கேட்கவே இல்லை. அதைக் கடமை என்று பெருமை பேசினேன். கடமை அல்ல, தாய்மார்களே. பயம்! நான் பட்ட பயத்தையே விதியாக்கி எனக்குப் பின்னால் வந்தவர்கள் தலையில் ஏற்றினேன்.

மறுநாள் மலர்கொடி போனார். வகுப்பு வீணானதா? இல்லை. அமிர்தவல்லி டீச்சர் இரண்டு வகுப்புகளையும் ஒரே கூடத்தில் அமர்த்திப் பாடம் நடத்தினார். ஒரு பிள்ளைக்கும் ஒரு பாடமும் குறையவில்லை. அரியலூரில் என்ன நடந்தது? மலர்கொடியின் கணவர் ஊருக்கு வரும் சாலையைப் பார்க்காமல், திரும்பிப் போகும் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தாராம்.

"தந்தி அடிச்ச பொறவு, எனக்குக் கருமாதியே முடிஞ்சிருச்சுன்னு மெட்ராஸ்ல நம்ம ஊரு ஆளு சொன்னான். இனிமே என்னை யாரு தேடப்போறாங்கன்னு நெனச்சேன். நீ வரலைன்னா வந்த வழியே போயிருப்பேன் புள்ள" என்றாராம்.

ஒரு நாள் லீவு, ஐயா! ஒரே நாள்! அந்த நாளை மலர்கொடி எனக்குப் பயந்து இழந்திருந்தால், அதை எந்தக் கமிட்டி திருப்பிக் கொடுக்கும்?

ஆகவே சொல்கிறேன். இனி வேலைக்குச் சேருகிற அன்றே, "வீட்டில் யார் யார்? எந்த நாள் உங்களுக்குத் தேவைப்படும்?" என்று நாமே கேட்போம். முன்கூட்டிச் சொன்னால் மாற்று ஏற்பாடு செய்வோம். கேட்கும் வாயை அடைக்க மாட்டோம்! கேட்டவரைச் சந்தேகிக்க மாட்டோம்! கேட்டதற்காக யாரையும் நீக்க மாட்டோம்!

நீக்கும் உத்தரவில் என் கையெழுத்து வேண்டுமாம். போட மாட்டேன். புதன்கிழமை நான் மறுத்த லீவை இந்த மேடையில், உங்கள் முன்னிலையில் தருகிறேன். அது தவறென்றால் முதலில் நீக்க வேண்டியவள் நான். சரியென்றால், மலர்கொடி நாளைக் காலை இரண்டாம் வகுப்பில் நிற்கட்டும் என்று கை தூக்குங்கள்!

தூக்கிவிட்டீர்கள்! முன்வரிசை முழுவதும்! செயலாளர் ஐயா, உங்கள் கையுமா? நன்றி ஐயா, நன்றி! செவியும் மனமும் தந்த அனைவருக்கும் நன்றி. வீடு திரும்பும் உங்கள் ஒவ்வொருவருக்காகவும் வாசலில் ஒரு முகம் காத்திருக்கட்டும். வணக்கம்.