வெல்கம் சொல்லும் பெட்டி

– அந்த ஸ்டூல விட்டு இறங்கு தம்பி. நாலு நாளா அதுமேலயே நிக்கிற.

– இருங்க அண்ணி. இன்னும் ஒரே ஒரு தடவ. கதவத் தாண்டி வெளிய போங்க.

– போயாச்சு.

– சொல்லுச்சா?

– சொல்லுச்சே. உனக்குக் காது அடைச்சிருக்கா?

– இப்ப சொல்லுது. அன்னைக்கு மத்தியானம் ஏன் சொல்லல? அதான் என் கேள்வி. என் செல்போன் கடையில போறவன் வர்றவனுக்கெல்லாம் ‘வெல்கம், வெல்கம்’னு கத்திக்கிட்டு இருந்த பெட்டி, சனியன். அண்ணன் வெளிய போனா உங்களுக்குத் தெரியட்டும்னு நான்தான கழட்டிட்டு வந்து இந்த வாசல் மேல மாட்டினேன். பெரிய மூளைக்காரன் மாதிரி.

– நல்லதுக்குத்தான மாட்டின. பூட்டி வச்சா கதவுல தலைய மோதிக்குவாரு. வேற என்ன செய்ய?

– அண்ணனுக்கும் அது பிடிச்சிருந்துச்சு.

– பிடிச்சிருந்துச்சா? அதுக்குப் பாடமே எடுத்தாரு. இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார் இல்லியா. கட்டின பொண்டாட்டி பேரு மறந்துபோச்சு, அது மட்டும் மறக்கல.

– என்ன பாடம்?

– வெளிய போவாரு. வெல்கம்னு சொல்லும். ‘முட்டாள், வெல்கம்னா வர்றவங்களுக்குச் சொல்றது. போறவனுக்கு எதுக்குச் சொல்ற?’ம்பாரு. உள்ள வருவாரு. மறுபடி சொல்லும். ‘ஆங், இது சரி. தேங்க்யூ’ம்பாரு. அது பேசாம இருக்கும். விடுவாரா? ‘தேங்க்யூன்னா நீ என்ன சொல்லணும்? யூ ஆர் வெல்கம். அந்த எடத்துல வாங்கன்னு அர்த்தம் இல்ல, பரவாயில்லன்னு அர்த்தம்’னு ஆரம்பிச்சிருவாரு.

– ஐயோ. சின்ன வயசுல எனக்கும் இதே பாடம்தான் அண்ணி. கையில ஸ்கேல் வேற.

– பெட்டி தப்பிச்சுது. மேல இருந்துச்சு, ஸ்கேல் எட்டல.

– சிரிக்க வைக்காதீங்க.

– சிரி. நாலு நாளா உன் மூஞ்சியப் பாக்க முடியல.

– எப்பவும் இப்படித்தானா?

– பாடம் முடிஞ்சதும் மறந்துரும். மறுபடி வெளிய போவாரு. ஒரு நாளைக்கு நாப்பது தடவ, அம்பது தடவ. ஒவ்வொரு தடவையும் நான் எந்திரிச்சு ஓடணும். வாசல்ல நின்னு திட்டிக்கிட்டு இருக்காரா, தெருவுல எறங்கிட்டாரான்னு பாக்கணும். தலையில சோப்பு நுரையோட ஓடியிருக்கேன்.

– ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல நீங்க.

– நீ ஞாயித்துக்கிழமை வருவ. அன்னைக்குன்னு பாத்து அவரு சேர்ல சமத்தா உக்காந்திருப்பாரு.

– நானும் நாலு ஆப்பிள் வச்சிட்டு, அண்ணன் நல்லாத்தான் இருக்காருன்னு கெளம்பிருவேன். த்தூ.

– விடு.

– எப்படி விட? அதுல பழைய பேட்டரியப் போட்டேன் அண்ணி. கடையில கெடந்தது. புதுசு வாங்க சோம்பேறித்தனம். அது மக்கர் பண்ணிருக்கு. அண்ணன் சத்தமில்லாம எறங்கிப் போயி, மெயின் ரோட்டுல தண்ணி லாரியில... என் வீட்டுக்காரிகிட்டயே சொல்லிட்டேன், நான்தான் கொன்னேன்னு.

– அந்த வார்த்தையச் சொல்லாத.

– பின்ன? கடையத் தொறக்க முடியல. யாராவது பேட்டரின்னு கேட்டு வந்தா அவன் முன்னாடியே அழுதுருவேன் போல.

– தம்பி, பெட்டியில ஒரு கோளாறும் இல்ல.

– நீங்க எனக்காகச் சொல்றீங்க.

– உனக்காகத்தான் சொல்றேன். உக்காரு.

– வேணாம் அண்ணி. கட்டிலுக்கும் வாசலுக்கும் ஆறடி. நீங்க கட்டில்ல இருந்தீங்க. அது சொல்லியிருந்தா கேட்டிருக்கும். கேட்டிருந்தா ஓடியிருப்பீங்க.

– சொல்லுச்சு. கேட்டுச்சு.

– அசந்து தூங்கியிருப்பீங்க. பாவம், எத்தன நாள் தூக்கமோ.

– தூங்கல. அவரு வெளிய போனப்ப ஒரு தடவ சொல்லுச்சு. திரும்பி வந்தா இன்னொரு தடவ சொல்லுமில்ல? அந்த ரெண்டாவது வெல்கம் கேக்கவே கூடாதுன்னு கண்ண மூடிப் படுத்திருந்தேன்.