எடை பார்த்து மடல் பிரித்த ‘வந்துச்சா’ அக்காவுக்கு

முப்பத்தோராண்டு முகம் கோணாது உழைத்து, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் எங்கள் மருத்துவமனை மின்மடல் பிரிவின் மூத்த கணினி நிரலரே! அனுப்பிய மடல் அடைந்ததா என்று அறியும்வரை ஆறிப்போன தேநீரையும் அருந்தாத அருந்திறலே! ஐயமே அணிகலனாய், அச்சமே ஆயுதமாய், அலுக்காமல் சலிக்காமல் எங்களைக் காத்த அன்பு அக்காவே! வணக்கம்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. அந்தப் பழமொழியைப் பொய்யாக்கவே பிறந்தவர் தாங்கள். பதறிப் பதறியே முப்பத்தோராண்டில் ஒரு காரியத்தையும் சிதறவிடாதவர் தங்களைத் தவிர வேறு யாரையும் நாங்கள் கண்டதில்லை.

மடல் எழுத யாருக்கும் வரும். நாள்தோறும் நானூறு நோயாளிகளுக்கு நிரலால் நானூறு மடல் எழுதி, ஒவ்வொன்றிலும் அவரவர் பரிசோதனை அறிக்கையை மட்டும் இணைத்து, அவரவருக்கு மட்டும் அனுப்புவது தங்களுக்குத்தான் வந்தது. ஒருவருக்கு வைத்த இணைப்பு அடுத்தவர் மடலிலும் ஒட்டிக்கொண்டு போய்விடுமோ என்று அஞ்சி, ஆளுக்கொரு புதிய மடலை அடியிலிருந்து உருவாக்கச் சொன்னீர்கள். ‘இணைத்துள்ளோம்’ என்ற சொல் இருந்து இணைப்பு இல்லாவிட்டால், தங்கள் நிரல் மடலை வாசற்படி தாண்ட விடாது. அத்தனைக்கும் பிறகு தொலைபேசியை எடுத்து, “வந்துச்சா?” என்று கேட்பீர்கள். வந்துவிட்டது என்றால், “தொறந்துச்சா?” என்பீர்கள். அதனால்தான் இந்தக் கட்டடம் முழுவதும் தங்களுக்கு ‘வந்துச்சா அக்கா’ என்று பெயர். “நான் பக்கத்துக் கடைக்குப் போனாக்கூட, போய்ச் சேந்தாச்சான்னு போன் வருதுங்க” என்று தங்கள் கணவரே எங்களிடம் அலுத்துக்கொண்டதுண்டு. அவர் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார், மறுக்க மாட்டார்.

வெளியே போகும் மடலுக்கு இவ்வளவு என்றால், உள்ளே வரும் மடலுக்குத் தாங்கள் வைத்த காவல் தனிக்கதை. வெளியூர் ஆய்வகங்களிலிருந்து வரும் மடல்களை நிரல் எடுத்து, எழுத்தைத் தனியே இணைப்பைத் தனியே பிரித்து, நோயாளியின் எண் போட்ட உறையில் சேர்க்கும். தாங்களோ தினமும் காலையில் ஒவ்வொரு மடலும் எத்தனை எம்பி என்று எடை போடுவீர்கள். வழியில் வரும்போது இணைப்பு எழுத்துகளாக உருமாறி, மூன்று பங்கு நான்கு பங்காக வீங்கியிருக்கும். அந்தக் கணக்கையும் கழித்து, வந்த மடலின் எடையும் பிரித்தெடுத்தவற்றின் எடையும் ஒத்துவருகிறதா என்று தாளில் குறிப்பீர்கள். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். தங்களுக்கு மடலில் கனமிருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தோம் அக்கா. இன்று முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்கிறோம்.

அந்த மன்னிப்பில் பெரும்பங்கு, இப்போது இம்மடலை வாசித்துக்கொண்டிருக்கும் எங்கள் ‘ஒற்றைவரி’யாருக்கு உரியது. பேச்சையும் நிரலையும் ஒற்றை வரியில் முடிப்பதில் பெருமை கொண்டவர் அவர். மடல் பிரிக்கும் தங்கள் பழைய நிரலை ஆறாண்டுக்கு முன் மாற்றி எழுதியவரும் அவரே. சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததில் தாங்கள் அறிந்தது பாதி. மீதியைப் போன வாரம், இம்மடலை எழுத நாங்கள் கூடி அமர்ந்தபோதுதான் அவர் எங்களிடமே சொன்னார்.

அன்று காலை அவருடைய ஒரே தங்கை, நம் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அறுவை அறைக்கு வெளியே கட்டிலில் படுத்திருந்தார். தொடை எலும்பில் கட்டி. அது புற்றுநோய் என்று நம் ஆய்வகம் எழுதிவிட்டது. காலை எடுத்தாக வேண்டும். ஐயம் தெளிய வெளியூர்ப் பெரிய ஆய்வகத்துக்கும் சதைத்துணுக்கு போயிருந்தது. “பதினொரு மணி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல தள்ளிப் போட்டா ஆபத்து. வரலைன்னா நம்ம ரிப்போர்ட்டை வெச்சே செஞ்சிடுவேன்” என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஒற்றைவரியார் எட்டரை மணிக்கே வந்து திரையின் முன் அமர்ந்தார். தங்கையின் எண்ணுக்கு மடல் ஒன்று வந்திருந்தது. உயிர் வந்தது அவருக்கு. நான்கு வரிகள், ‘கேட்ட அறிக்கையை இத்துடன் அனுப்பியுள்ளேன்’ என்று முடிந்தன. அதன் கீழே அவருடைய நிரல் சிவப்பில் எழுதியிருந்தது: இணைப்பு இல்லை.

ஆய்வகத்தைத் தொலைபேசியில் பிடித்தார். “நேத்து சாயங்காலமே அனுப்பியாச்சே சார்” என்றது ஒரு குரல்.

“அட்டாச்மென்ட் இல்லாம வந்திருக்கு. மறுபடி அனுப்புங்க.”

“பெரிய டாக்டர்தான் அனுப்பினாரு. அவரு மீட்டிங்ல இருக்காரு சார். பதினொன்றரை ஆகும்.”

அவர் கெஞ்சினார், கத்தினார், பிறகு தன் நிரலையே திரும்ப ஓட விட்டார். அது மறுபடியும் இணைப்பு இல்லை என்றது. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னது. தான் எழுதியது தவறாயிருக்கும் என்ற எண்ணம் அவருக்கு ஒரு நொடியும் வரவில்லை. தவறு அனுப்பியவர்மேல்தான் என்று பல்லைக் கடித்தார். மாடியில் தங்கை கேட்டது அவர் காதிலேயே நின்றது: “அண்ணா, கால் இல்லாம நான் எப்படிண்ணா பஸ் ஏறுவேன்?”

மணி பத்து பத்துக்குத் தாங்கள் தாளும் கையுமாக அவர் மேசைக்குப் போனீர்கள். “தம்பி, இந்த மெயில் ஒம்பது எம்பி இருக்குப்பா. பிரிச்சதுல நாலு வரிதான் இருக்கு. மீதி எங்க போச்சு?”

“லோகோ ஏதாவது இருக்கும், விடுங்கக்கா.”

“லோகோ ஒம்பது எம்பியா இருக்கும்?”

“அக்கா! உங்களுக்கு எதைப் பாத்தாலும் பயம். எல்லாரையும் பயமுறுத்திட்டே இருப்பீங்களா?” அறையே திரும்பிப் பார்க்கும்படி அவர் கத்தினார்.

“ஆமாப்பா, பயமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தாங்கள் இருக்கைக்குத் திரும்பினீர்கள். கண் கலங்கியதை நாங்கள் பார்த்தோம்; ஒருவரும் எழுந்து வரவில்லை.

பிறகு நடந்ததே எங்கள் பிரிவின் வரலாறு. நிரல் காட்டும் திரையை நம்பாமல், வந்தது வந்தபடியே கிடந்த மூல மடலைத் திறந்தீர்கள். முடிவில்லாத எழுத்துக் குவியல் அது. ஒவ்வொரு பகுதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் கோட்டு வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினீர்கள். நான்கு வரிக்குப் பின்னால் ஒரு முழு மடல் மடிந்து கிடந்தது. பெரிய மருத்துவர், தம் உதவியாளர் அனுப்பிய மடலை அப்படியே உள்ளே வைத்து அனுப்பியிருந்தார். அந்த உதவியாளரும் தமக்கு வந்த மடலை அப்படியே உள்ளே வைத்திருந்தார். அதற்குள்ளே இருந்தது அறிக்கை. மேலடுக்கை மட்டும் பார்க்கத் தெரிந்த ஒற்றை வரிக்கு, மடலுக்குள் மடலும் அதற்குள் மடலும் இருக்கக்கூடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பத்து முப்பத்தெட்டுக்கு அறிக்கையைப் பிரித்தெடுத்தீர்கள். எண்ணைப் பார்த்து இரண்டாம் மாடிக்கு அனுப்பினீர்கள். வழக்கம்போல் வந்துச்சா என்றும் கேட்டீர்கள். யாருடைய எண் என்று கேட்கவில்லை. அறுவை மருத்துவர் படித்தது பத்து ஐம்பதுக்கு. புற்றுநோய் அன்று, சுரண்டி எடுத்தால் போதும் என்றிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து ஒற்றைவரியார் வாய்விட்டு அழுதாராம்.

அவர் கீழே இறங்கி வந்தபோது தாங்கள் கேட்டது ஒன்றே: “இது ஒண்ணுதானா தம்பி?” அதுவரை ஐந்தாண்டில் ‘இணைப்பு இல்லை’ என்று ஒதுக்கப்பட்ட மற்ற எழுபத்திரண்டு மடல்களையும் இருவருமாகத் திறந்தீர்கள். பத்தொன்பதில் அறிக்கை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகத் தேடித் தொலைபேசியில் பேசி, பதினெட்டுப் பேருக்கு வேறு வழியில் முடிவு கிடைத்துவிட்டது என்று உறுதி செய்தீர்கள். ஒருவரை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நலமாக இருக்கட்டும் என்று இந்த அவையில் அனைவரும் வேண்டிக்கொள்கிறோம்.

அந்த எண் யாருடையது என்று தங்களிடம் சொல்ல ஒற்றைவரியாருக்கு ஓராண்டாக நாக்கு எழவில்லை. தான் எழுதிய வரியே தங்கையின் காலை எடுத்திருக்கும் என்பதை எந்த அண்ணன்தான் உரக்கச் சொல்வான்? இன்று, தாங்கள் போகும் நாளில், அவர் தம் வாயாலேயே வாசிக்கிறார். குரல் நடுங்கினால் பொறுத்தருள்க.

நாளை காலை மடல்கள் வரும். எங்களுக்கு உள்ளபடியே பயமாக இருக்கிறது. தாங்கள் எல்லார் பயத்தையும் சேர்த்துப் பட்டதால்தான் நாங்கள் நிம்மதியாகத் தேநீர் குடித்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. தாங்கள் நோய் நொடியின்றி, நூறாண்டு கடந்தும் கணவரோடும் மக்களோடும் களிப்புற வாழ்க! இனியேனும் அஞ்சாமல் உறங்குக என்று வாழ்த்த ஆசைதான். அது தங்களால் ஆகாது என்று அறிவோம். ஆகவே, அஞ்சும்போதெல்லாம் அருகில் ஆள் இருக்கட்டும் என்று வாழ்த்துகிறோம்.

கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலின் படியைத் தங்கள் கையில் தர, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்திருக்கிறார். ஒற்றைவரியாரின் தங்கை அவர். தாங்கள் எதிர்கொண்டு போக வேண்டாம் அக்கா; அமர்ந்திருங்கள். அவரே நடந்து வருவார்.

தங்கள் அச்சத்தின் நிழலில் அச்சமின்றி வாழ்ந்த,
மடல் பிரிவுப் பணியாளர்கள்