திங்கள் என்றாள் என் தங்கை

இதை யார் எடுத்துப் படித்தாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாளை மாலை பள்ளி மண்டபத்தில் எங்கள் வினாடி வினா நிகழ்ச்சி ஒளிபரப்பாகி முடியும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். முடிவை வெளியே சொல்ல மாட்டோம் என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் நாங்கள் மூவரும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். என் அம்மாவிடமும் காட்டாதீர்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்தால் அப்புறம் ஒளிபரப்பே தேவைப்படாது. குளியலறையைத் தாழிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் அணித் தலைவியாக நான் மேடையேற வேண்டும். "வெற்றி உரை ஒண்ணு எழுதிட்டு வா" என்றார் தலைமையாசிரியை. நான் எழுதுவது அதுவல்ல. பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

கண்டிப்பும் கனிவும் கைகோத்து நடக்க, இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை அம்மா அவர்களே! முன்வரிசையை முழுவதும் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் தந்தையரே! என் தோழியரே! உங்கள் அனைவருக்கும் என் நிமிர்ந்த வணக்கம்!

பார்த்தீர்கள். தோற்றோம்.

வெளியே கட்டிய பேனரில் "வெற்றி வாகை சூடி" என்று இருக்கிறது. அந்தப் பேனர் எப்படி வந்தது? என் சிரிப்பால் வந்தது! படப்பிடிப்பு முடிந்து வேனிலிருந்து இறங்கியபோது நான் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற தலைமையாசிரியை அம்மா, "ஒண்ணும் சொல்ல வேண்டாம், சிரிப்பே சொல்லுதே!" என்றார். வாட்ச்மேன் அண்ணன் சல்யூட் அடித்தார். மறுநாளே கோப்பைகள் வைக்கும் கண்ணாடி அலமாரியைத் துடைத்து, நடுவில் ஓர் இடத்தை ஒழித்துவைத்துவிட்டார்கள். வாக்குக் கொடுத்த வாய், நான் என்ன செய்வேன்? அம்மா, மன்னியுங்கள். அது வென்றவள் சிரித்த சிரிப்பல்ல. தப்பித்தவள் சிரித்த சிரிப்பு.

எதிலிருந்து தப்பித்தாய் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். திரையில் எவ்வளவு காட்டினார்களோ எனக்குத் தெரியாது. முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த அரங்கம் இருக்கிறதே, அது அறிவாளிகளின் அறிவையெல்லாம் ஆவியாக்கும் அரங்கம்! விளக்குகளின் வெக்கை அப்படி. எதிரணி அண்ணன் ஒருவர் உலகத்து நாடுகளின் தலைநகரங்களையெல்லாம் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். நெறியாளர் அவரிடம் முதலில் என்ன கேட்டார்? "உங்க ஸ்கூல் பேர் என்ன தம்பி?" அண்ணன் யோசித்தார். மறுபடியும் யோசித்தார். "ஆப்ஷன் இருக்கா சார்?" என்றார்.

(சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும்.)

எங்கள் அணி மட்டும் இளைத்ததா? எங்கள் மூன்றாமவளை நீங்கள் அறிவீர்கள். அவளுக்கு "அவசரம்" என்று பெயர் வைத்ததே இந்தப் பள்ளிதான். "சிலந்திக்கு எட்டுக் கால். அப்படியென்றால் ஈக்கு..." என்று நெறியாளர் ஆரம்பித்ததுதான் தாமதம், "எட்டு!" என்று கத்திவிட்டாள். "அப்படியாம்மா? மிச்சம் ரெண்டை எங்க ஒளிச்சு வெச்சிருக்கு?" என்றார் அவர். அவசரம் அசரவில்லை. "சார், நான் சிலந்தியைத்தான் சொல்லிட்டிருந்தேன்!" என்றாள்.

இப்போது என் தங்கைக்கு வருகிறேன். என் சித்தி மகள். ஒரே வீடு, ஒரே அறை. அவளுக்குத் தெரியாத விடை குறைவு. ஆனால் தெரிந்த விடையை மனத்துக்குள் இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அதற்குள் எதிரணி பதில் சொல்லிவிடும். பயிற்சிக்கு எங்களிடம் பஸ்ஸர் ஏது? பெஞ்சைத்தான் தட்டுவோம். அவள் எப்போதும் இரண்டு தட்டுத் தட்டுவாள். "எதுக்குடி ரெண்டு?" என்று கேட்டால், "முதல் தட்டு கேக்கலைன்னா?" என்பாள். அவளுக்கு அவசரம் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: "முதல்ல தட்டு, அப்புறம் யோசி."

அந்தப் பயிற்சி எங்கே பலித்தது தெரியுமா, அவையோரே? இறுதிச் சுற்றின் இறுதிக் கேள்வியில்! நாங்களும் எதிரணியும் சமம். இந்தக் கேள்விக்குச் சரியாகச் சொல்பவருக்குக் கோப்பை. நெறியாளர் அட்டையை எடுத்தார். "செவ்வாய்க்கு..." என்றார்.

டக், டக்!

என் தங்கை தட்டிவிட்டாள். ஒரே ஒரு சொல்தான் வந்திருக்கிறது. தட்டிவிட்டால் அதற்குமேல் கேள்வி வராது, விடை சொல்லியாக வேண்டும். அவசரத்தின் வாயே திறந்தபடி நின்றுவிட்டது. தங்கை சொன்னாள்: "திங்கள்."

நெறியாளர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். "கிழமை கேக்கலம்மா! கேள்வியே இதுதான்: செவ்வாய்க்கு இரண்டு, பூமிக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்றுமே இல்லை. அது எது? விடை நிலா!" அரங்கமே சிரித்தது. நீங்களும் சற்றுமுன் சிரித்திருப்பீர்கள். தவறில்லை.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறி தட்டியது! திங்கள் என்றால் கிழமை மட்டுமா? வானத்தில் உலவும் நிலவுக்கும் அதுதானே பெயர்? விடை தவறென்றால் அணித் தலைவி எழுந்து நடுவரிடம் முறையிடலாம். எழுந்தேன். "அம்மா, திங்கள்னாலும் நிலாதான்மா" என்றேன். குரல் கொசுவின் குரலாக வந்தது. ஆனாலும் வந்தது.

நடுவர் அம்மா அகராதியைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "சரியான விடை!" என்றார். அரங்கம் ஆரவாரித்தது! அவசரம் என் முதுகில் அறைந்தாள். கோப்பையைக் கொண்டுவர ஓர் அக்கா தட்டோடு கிளம்பியே விட்டார்.

அப்போது நடுவர் அம்மா எழுந்து என் தங்கையைப் பார்த்தார். சந்தேகமாக அல்ல, வியந்துபோய்ப் பார்த்தார். "ஒரே வார்த்தையில கேள்வியைப் பிடிச்சிட்டியேம்மா! எப்படிம்மா நிலான்னு தோணுச்சு உனக்கு?"

என் தங்கையின் காது சிவந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவள் காது எப்போது சிவக்கும் என்று. எனக்குப் புரிந்துவிட்டது.

தாய்மார்களே, நினைத்துப் பாருங்கள்! அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா சிரித்திருந்தால் போதும். கேமரா காத்திருந்தது. கைதட்டல் காத்திருந்தது. கோப்பை பாதி வழியில் காத்திருந்தது. ஒரு சிரிப்பு, ஒரே ஒரு சிரிப்பு!

அவள் சிரிக்கவில்லை. "நிலான்னு தோணலைங்கம்மா" என்றாள். "செவ்வாய்க்கு முன்னாடி என்ன கிழமைன்னு கேப்பாங்கன்னு நினைச்சுட்டேன்."

கோப்பை அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நெறியாளர் சிரிக்கவில்லை. நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைக் கேட்ட பிறகு புள்ளி கொடுக்க எனக்கு வழியில்லையேம்மா" என்றார். விடை வெளியே வந்துவிட்டதால் எதிரணிக்கு வேறு கேள்வி போனது. பள்ளிப் பெயரை மறந்த அண்ணன் இம்முறை ஆப்ஷன் கேட்காமலே விடை சொன்னார். வென்றார்கள்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லையே! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கிப் போனது. மூச்சு வந்தது. அப்பாடா! அந்தக் கோப்பை இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வகுப்புக்குப் போகும்போதெல்லாம் அந்த அலமாரியைக் கடக்க வேண்டும். கடக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்திருப்போம். அதிலிருந்துதான் தப்பித்தேன்! அவள்தான் தப்பிக்க வைத்தாள்! அதனால்தான் வேனிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

ஆனால் அவள் இறங்கும்போது சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னாலதானேக்கா போச்சு?" என்று கேட்டாள். நேற்று, "நிகழ்ச்சி அன்னிக்கு எனக்கு வயித்து வலி வரும்க்கா, நான் வரல" என்றாள். வயிற்று வலி முன்கூட்டியே சொல்லிவிட்டு வருமா, சொல்லுங்கள்! திரையில் அரங்கமே சிரிக்கும், அதைப் பார்த்து நீங்களும் சிரிப்பீர்கள், நாளையிலிருந்து எல்லோரும் அவளைக் "கிழமை" என்று கூப்பிடுவீர்கள் என்று பயப்படுகிறாள்.

கூப்பிடுவீர்களா?

(யாராவது "மாட்டோம்" என்று சொன்னால் நன்றாக இருக்கும். சொல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது.)

தலைமையாசிரியை அம்மா, அலமாரியில் ஒழித்துவைத்த இடம் அப்படியே இருக்கட்டும். அதைக் கடக்கும்போது நாங்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போகிறோம். தங்கையே, நீ கேட்டாயே, உன்னாலதானே போச்சு என்று? ஆமாம், போனது உன்னால்தான்! போகவேண்டியது போனது, இருக்கவேண்டியது இருக்கிறது! நீ வந்திருந்தால், எந்தத் தூணுக்குப் பின்னால் இருந்தாலும் எழுந்து நில். அவையோரே, அவளுக்காக ஒருமுறை, ஒரே ஒருமுறை, இந்த மண்டபத்துக் கூரை அதிரக் கைதட்டுங்கள்! அவள் வந்திருந்தால் நேரில் கேட்கட்டும். வராவிட்டால் வீடுவரைக்கும் கேட்கட்டும்! இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, வணக்க

கதவு தட்டுகிறார்கள். விளக்கு வெளிச்சம் தெரிந்துவிட்டதோ? தாளை எங்கே ஒளிப்பது?

மறுபடியும். இரண்டு தட்டு.

"அக்கா, உள்ள என்ன பண்றே? என் யூனிஃபார்மை எங்க வெச்சே? நாளைக்கு வேணு