நரம்புல ஒரு கதவு

நீங்க கட்டியிருக்க சாரத்துலயும் தண்ணி பட்டிருச்சா, நானா? மன்னிச்சுக்கங்க. தொப்பியப் பாத்துத்தான் நானான்னு கூப்புட்டேன், அண்ணேன்னு வச்சுக்கங்க. டிரைவரு பஸ்ஸ வளைவுல ஒடிச்சாரு பாருங்க, பை சரிஞ்சிருச்சு. வெறும் தண்ணிதான். சிலிசிலி பிளாஸ்டிக் பையில ஊத்தி காலுக்குக் கீழ வச்சிருக்கேன். இல்லங்க, ஒட்டுற நோவெல்லாம் இல்ல. பயப்படாம ஒக்காருங்க.

காலு எரியுதுங்க, அம்புட்டுத்தான். பாருங்க, பீட்ரூட்டு மாதிரி கெடக்கு. உடப்புசல்லாவைக் குளிருல தேயிலத் தோட்டத்து லயத்து வீடெல்லாம் கம்பளி போத்தித் தூங்கும். நான் மட்டும் காலத் தூக்கி ஈரச் செவுத்துல வச்சுக்கிட்டு கெடப்பேன்.

அது சரி, நீங்களும் அதையே கேட்டுட்டீங்க. சத்தியமா சாராயத்தத் தொட்டதில்ல நானா. குடிச்சுக் குடிச்சுத்தான் காலு எரியுதுன்னு தோட்டத்துல பூரா பேரும் பேசுறாங்க. எங்கப்பாவுக்கும் இதேதான். எந்நேரமும் ஆத்துலயே நிப்பாரு, தண்ணிக்காலன்னு பேரு வச்சுட்டானுங்க. ஊறி ஊறிப் புண்ணாகி அதுலயே போய்ச் சேந்தாரு. செத்த வீட்டுலயும் சாராயத்தாலதான்னு பேசுனானுங்க. 

கண்டி ஆஸ்பத்திரியிலதான் என்னா நோவுன்னு கண்டுபிடிச்சாங்க. சிவனேஸ்வரின்னு யாழ்ப்பாணத்து டொக்டரம்மா. நாப்பத்திரெண்டு வயசுல மொதத் தடவையா ஒருத்தவங்க நான் சொன்னத நம்புனாங்க. அங்கயே அழுதுட்டேன். நரம்புல கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிக் கதவா இருக்காம். சூடு பட்டா தொறக்கும், உப்பு உள்ள போகும், அதுல ஒரு கரண்டு ஓடும், அது போயி மூளைக்கு எரியுதுன்னு சொல்லும். ஒங்களுக்கு நெருப்பு பட்டாத்தான் அப்பிடி. எனக்குக் கம்பளி பட்டாலே தொறந்துக்கும், லேசுல சாத்தாது.

பொல்பிட்டிய பவர் ஸ்டேசன்ல ஆத்துத் தண்ணியில எடுக்குற மாதிரி கரண்டான்னு கேட்டேன். சிரிச்சிட்டாங்க. அத அளக்கவே தனி மெஷினு வேணுமாம். ஊசியவிட மெல்லிசான கண்ணாடிக் கொழாயை அந்த நரம்புல வச்சு அளப்பாங்களாம். அம்புட்டுக் கொஞ்சமாம். அந்தக் கொஞ்சம்தான் என்னய இந்தப் பாடு படுத்துது.

உப்புன்னு வாய விட்டேனா, வீட்டுல இருக்கவ ரெண்டு மாசம் கறியில உப்பே போடல. அது அந்த உப்பு இல்லடின்னா கேக்கவே மாட்டேங்குறா. அட்ட கடிக்குதுன்னு இத்தன வருசமா காலுல உப்பு தேச்சோமே, அதுதான் உள்ள எறங்கிருச்சுன்னு அவளா ஒரு கத கட்டிக்கிட்டா. அவள என்னா சொல்றது, அவளுக்கு வேற என்னா செய்யத் தெரியும்?

மாத்திர இருக்குங்க. கொஞ்சம் அடங்கும், அப்புறம் பழையபடிதான். முழுசா சாத்துற மருந்து இன்னும் வரலியாம்.

ஆனா இன்னிக்கு நான் கண்டிக்கு எனக்காகப் போகல. இது ரத்தத்துல வர்றதாம். பெத்த புள்ளைக்கு வரலாம், வராமயும் போகலாம், சரிபாதியாம். முன் சீட்டுல ஜன்னலோரமா ரெட்டப் பின்னலு தெரியுதா? என் மக ஆர்த்திகா, பதிமூணு வயசு. ரெண்டு மாசத்துக்கு முந்தி ரத்தம் எடுத்தாங்க. இன்னிக்கு ரிசல்ட்டு சொல்றாங்க.

துஆ கேக்குறீங்களா? கேளுங்க நானா. யாரு சாமிகிட்ட வேண்டுனாலும் நல்லதுதான்.

நல்லதாவே வரும்ங்கிறீங்க. ம். போன கெழம பள்ளிக்கூடம் விட்டு வந்தவள ஆளக் காணோம்னு தேடிப் போனேன். பீலிக் கொழாத் தண்ணி விழுற எடத்துல ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டு, கண்ண மூடி ஒக்காந்திருந்தா. பாதம் ரெண்டும் செவந்து கெடந்துச்சு. என்னயப் பாத்தவொடனே கால கவுனுக்குள்ள இழுத்துக்கிட்டா. சேறுப்பா, கழுவுறேன்னா. நல்லாத் தேச்சுக் கழுவும்மான்னுட்டு வந்துட்டேன்.