மீசைக்கு இருநூத்தி இருபது

ராமர்: மிதிங்க மாப்ள! காலை எடுத்துறாதீங்க! முள்ளு எங்க நிக்குது?

பாலமுருகன்: நூத்தி அறுவது... எழுவது... யோவ் மச்சான், வண்டி ஆடுதுய்யா!

ராமர்: ஆடட்டும், மிதிங்க!

பாலமுருகன்: எழுவத்தஞ்சு... எண்... ஆங்! அறுத்துருச்சு! எவனோ தொண்டையப் புடிச்ச மாதிரி அமுக்கிருச்சுய்யா!

ராமர்: எம்புட்டுல?

பாலமுருகன்: நூத்தி எண்பது. மூணு தடவையும் அதே நூத்தி எண்பது.

ராமர்: சரி, காலை எடுங்க. சக்கரம் தானா நிக்கட்டும். அதுக்குள்ள கதவத் தொறந்து குதிச்சுறாதீங்க. ஜாக்கி சரிஞ்சுச்சு, ரெண்டு பேரும் கீழ இருக்குற ஏரியிலதான் போயி நிப்போம்.

பாலமுருகன்: நாயுடுபுரத்துல, ஷெட்டுக்குள்ள நின்ன எடத்துலயே நூத்தி எண்பது போன மொத ஆளு நாந்தான்யா.

ராமர்: வேற எங்க போயி ஓட்டிப் பாக்குறது? இந்த மலையில அஞ்சாவது கியரு போடுற மாதிரி ஒரு ரோட்டைக் காட்டுங்க பாப்போம். அதான் நாலு சக்கரத்தையும் அந்தரத்துல தூக்கி வச்சேன்.

பாலமுருகன்: இந்தக் கம்பெனி லாக்கை எதுக்குய்யா வச்சுத் தொலைச்சான் ஜப்பான்காரன்?

ராமர்: அதுக்கு மேல போனா ஆளு மிஞ்ச மாட்டான்னுதான். சக்கரம் எம்புட்டு வேகமா சுத்துதுன்னு ஒரு ஒயரு போயி இஞ்சினோட மூளைக்குச் சேதி சொல்லும். நூத்தி எண்பதுன்னு காதுல விழுந்ததும் மூளை பெட்ரோலை நிறுத்திப்புடும்.

பாலமுருகன்: உன் தங்கச்சி மாதிரின்னு சொல்லு. நான் வாயைத் தொறந்ததும் நிறுத்திப்புடுவா.

ராமர்: ரோகிணிகிட்ட சொல்லவா?

பாலமுருகன்: சோலியைப் பாருய்யா.

ராமர்: அப்ப டார்ச்சை இங்கிட்டு காட்டுங்க. என் மூஞ்சியில இல்ல... டேஷ்போர்டுக்கு அடியில. இந்தா, தீப்பெட்டி சைஸுல கெடக்கு பாருங்க, இந்தப் பெட்டி. இதை ஒயருக்கு நடுவுல மாட்டிட்டா, வண்டி எம்புட்டுப் போனாலும் மூளைகிட்ட 'நூத்தி எழுவதுதான், நூத்தி எழுவதுதான்'னு பொய் சொல்லிக்கிட்டே இருக்கும்.

பாலமுருகன்: லாரிக்கு கிரீஸ் அடிக்கிற ஆளு, இதையெல்லாம் எங்கய்யா படிச்ச?

ராமர்: பிரவுசிங் சென்டர்ல நாலு நாளு உக்காந்தேன். பாதி புரிஞ்சுச்சு.

பாலமுருகன்: மீதி?

ராமர்: மீதிக்கு நீங்க இருக்கீங்கல்ல, ஓட்டிப் பாக்குறதுக்கு.

பாலமுருகன்: யோவ்!

ராமர்: சும்மா சொன்னேன். அது சரி மாப்ள... மீசையை வச்சா பந்தயம் கட்டுவாக? அதுவும் மகனுக்குக் காது குத்துன வீட்டுல?

பாலமுருகன்: நானா ஆரம்பிச்சேன்? உன் பெரிய மாப்ள, பொன்னுத்தாயி வீட்டுக்காரரு பழனிமுத்துதான்! பந்தியில அம்பது பேரு கறிச்சோறு திண்டுக்கிட்டு இருக்காக. இலையில எலும்பைத் தட்டிக்கிட்டே கேக்குறாரு, 'ஏன் சகலை, போளூர்ல பூண்டு வெளைஞ்ச நெலத்தை ரிசார்ட்டுக்காரனுக்கு வித்துட்டு ஒரு வண்டி வாங்குனீகளே... அது ஓடுமா, இல்ல பூண்டு மூட்டை ஏத்தவா'ன்னு.

ராமர்: நீங்க என்ன சொன்னீக?

பாலமுருகன்: 'இருநூத்தி இருபது போகும், உங்க வண்டி போகுமா'ன்னேன். அவரு ஜெர்மன் வண்டில்ல வச்சிருக்காரு, விடுவாரா? நாளைக்கு வெள்ளனே மலையெறங்கி வத்தலக்குண்டு ரோடு. என் வண்டியில அவரு உக்காந்து முள்ளைப் பாப்பாரு. அவரு வண்டியில நான். இருநூத்தி இருபதை எவன் முள்ளு தொடலையோ, அவன் பஸ் ஸ்டாண்டு சலூன்ல மீசையை எடுத்துறணும்.

ராமர்: பெரிய மாப்ள வண்டியை யாரு பாக்குறா?

பாலமுருகன்: மதுரையில இருந்து கம்பெனி ஆளு வர்றானாம். பீத்திக்கிறாரு. உங்கிட்ட ஏன் வரலைன்னு கேட்டேன். 'மச்சான் நல்லவன்தான், ஆனா லாரி மெக்கானிக்கு'ன்னாரு.

ராமர்: ம்... சொல்லுவாரு, சொல்லுவாரு. இந்தா, மாட்டியாச்சு. ஏறி உக்காருங்க.

பாலமுருகன்: அதுக்குள்ளயா?

ராமர்: பெல்ட்டு போட்டுக்கங்க.

பாலமுருகன்: நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா பெல்ட்டு?

ராமர்: பயந்து ஓடாம இருக்கத்தான். மிதிங்க!

பாலமுருகன்: நூறு... நூத்தி அம்பது... எண்பது... அறுக்கலயே! இருநூறு! யோவ், இருநூத்திப் பத்து... இருநூத்தி இருபது!

ராமர்: நிக்குதா?

பாலமுருகன்: நிக்குது. அங்கயே நிக்குது. ஆனா சத்தம் முன்ன மாதிரி இல்லையே? அப்ப ஷெட்டுத் தகரமே அதிர்ந்துச்சு.

ராமர்: இப்ப மூச்சு முட்டாம ஓடுதுல்ல, அதான். காலை எடுங்க... என்ன மாப்ள, இனிப்பு வாங்கித் தருவீகன்னு பாத்தா, மூஞ்சி வெளுத்துப் போயி கெடக்கு?

பாலமுருகன்: மச்சான்... கையக் குடேன்.

ராமர்: எதுக்கு?

பாலமுருகன்: குடுய்யா... இந்தப் பெட்டியைக் கழட்டிரு.

ராமர்: என்னது?

பாலமுருகன்: நீ கையை விரிச்சுருவேன்னு நம்பித்தான்யா வண்டியை உங்கிட்ட கொண்டாந்தேன்! 'லாரி மெக்கானிக்கால முடியல, லாக்கை எடுக்க ஆளு கெடைக்கல'ன்னு சொல்லிப் பந்தயத்தை ஒத்திப் போட்டுறலாம்னு பாத்தேன். நீ என்னடான்னா எடுத்துத் தொலைச்சுட்ட!

ராமர்: உண்மையச் சொல்லுங்க. இம்புட்டு நாள்ல கூடுனபட்சம் எம்புட்டு வேகம் போயிருக்கீக?

பாலமுருகன்: அறுவது.

ராமர்: அம்புட்டுத்தானா?

பாலமுருகன்: அதுவும் எறக்கத்துல. பிரேக்கு புடிக்காம.

ராமர்: இந்த வண்டியில?

பாலமுருகன்: ரோட்டுல நான் மூணாவது கியரைத் தாண்டுனதே இல்லய்யா! கண்ணை மூடுனா நாளைக்கு என் போட்டோவுக்கு மாலை போட்டுருக்கு. பக்கத்துலயே உன் பெரிய மாப்ள போட்டோ.

ராமர்: அப்ப மீசையை எடுத்துருங்க. மூணு மாசத்துல மொளைச்சுரும்.

பாலமுருகன்: அந்த மூணு மாசம் போளூர்ல நீ இருந்து பாரு. என் மகனே சிரிப்பான்.

ராமர்: மீசையும் வேணும், உசுரும் வேணும்.

பாலமுருகன்: ரெண்டும் வேணும் மச்சான். கண்ணு கலங்குதுய்யா எனக்கு.

ராமர்: மூக்கைத் தொடைங்க. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது... லாக்கை நான் எடுக்கல.

பாலமுருகன்: இப்பத்தானய்யா இருநூத்தி இருபது பாத்தேன்!

ராமர்: முள்ளைப் பாத்தீக. முள்ளுக்குத்தான் பெட்டி மாட்டிருக்கேன். அது இருநூத்தி இருபதுல நிக்கையில சக்கரம் சுத்துறது வெறும் நூறு. லாக்கை நூத்தி எண்பதுல இருந்து நூறுக்கு எறக்கிப் பூட்டிட்டேன். நீங்க பலகையோட மிதிச்சாலும் அதுக்கு மேல ஒரு அடி போகாது.

பாலமுருகன்: அடப்பாவி... ஆனா அவரு பக்கத்துல உக்காந்திருப்பாரேய்யா! கண்டுபுடிச்சுற மாட்டாரா?

ராமர்: எதை வச்சுக் கண்டுபுடிப்பாரு? அவரு பண்ணைக்காட்டுல பொறந்து, மெளகு ஏத்துற ஜீப்புல வளந்தவரு. அம்பதைத் தாண்டிருக்க மாட்டாரு. நூறு எப்படி இருக்கும்னு உங்க ரெண்டு பேருல எவருக்குத் தெரியும்? காத்து அடிக்கிற அடியில அவரு முருகனைக் கூப்புட ஆரம்பிச்சுருவாரு.

பாலமுருகன்: மதுரை பஸ்ஸு நம்மள முந்திட்டுப் போனா?

ராமர்: அதுக்குத்தான் வெள்ளனே போங்கன்னு சொல்றது. பஸ்ஸு கெளம்புறதுக்கு முன்னாடி.

பாலமுருகன்: மச்சான், நீ மனுசன் இல்லய்யா! உன் காலைக் காட்டு!

ரோகிணி: அண்ணே... அவரு காலைத் தொடுறது இருக்கட்டும். சோத்துத் தூக்கை எங்க வைக்க?

பாலமுருகன்: ரோகிணி! நீ எப்ப வந்த?

ரோகிணி: இப்பத்தாங்க. லாக்கை எடுத்தாச்சா?

பாலமுருகன்: எடுத்தாச்சாவா? இருநூத்தி இருபதுடி! அண்ணனையே கேளு. நாளைக்கு உங்க பழனிமுத்து மாமா மூஞ்சியைப் பாக்க ஆளு சேரப் போகுது. மதுரைக் கம்பெனிக்காரன் என்னத்தை ஆட்டுனாலும் மனுசன் நூறைத் தாண்ட மாட்டாரு, பயந்த பய! நாளைக்கு அந்த மீசை தரையில!

ராமர்: மாப்ள... கொஞ்சம் மெதுவா பேசுங்க.

பாலமுருகன்: ஏன்யா மெதுவா? நீ ஏன் தரையைப் பாக்குற? ரோகிணி, உங்க அண்ணன் ஏன்டி முழிக்கிறாரு?

ரோகிணி: மாமா மீசையும் போகாதுங்க. மதுரையில இருந்து யாரும் வரல. பொன்னுத்தாயி அக்காவும் நானும் சொல்லித்தான் அண்ணன் ரெண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி பெட்டியை மாட்டுனாரு. புதன்கிழமை மாமாவும் இதே ஜாக்கி மேல உக்காந்து, இப்படித்தான் அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு 'கழட்டிரு மச்சான்'னு தேம்பித் தேம்பி அழுதாராம்.