நஞ்சப்பனின் சீட்டும் நாங்கள் அடைத்த கேஸும்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் கோபிநாத் அவர்களே, தீர்மானத்தை அழகாகத் தட்டச்சு செய்து என் கையில் கொடுத்த செயலாளர் முகம்மது குட்டி அவர்களே, கொழிஞ்சாம்பாறை வட்டார ஒர்க்‌ஷாப் சங்கத்து உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் நஞ்சப்பன் அவர்களின் துணைவியார் சரஸ்வதியம்மாள் அக்கா, அவர் மகள் கௌசிகா, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் சஜ்ஜாத். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கார் ஏசி கடை வைத்திருக்கிறேன். மறைந்த ஏசி மன்னர் நஞ்சப்பன் அவர்களுக்கு இரங்கல் தீர்மானம் படிக்க என்னை அழைத்தீர்கள். ஏசி மன்னர்! பேனரில் அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள். உயிரோடு இருந்தவரைக்கும் நாம் வைத்த பெயர் என்ன? சோப்பு நுரை. ‘சோப்பு நுரை வந்துட்டாருடா’ என்று இதே மண்டபத்து வாசலில் சிரித்தோமே, மறந்துவிட்டதா? நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன்.

ஏன் சிரித்தோம்? பழைய கார் ஒன்று ஏசி குளிரவில்லை என்று வந்தால், நாமெல்லாம் பத்து நிமிஷத்தில் கேஸ் அடைத்து அனுப்பிவிடுவோம். அவர் ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ஒரு கிராம் கேஸ் அடைக்க மாட்டார். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவசரப்பட்ட ஆளிடம், “ஏனுங்க, ஓட்டை எங்கீன்னு தெரியாம நான் என்னத்தைங்க அடைக்கறது? ரண்டு மாசத்துல மறுக்கா வருவீங்க. உங்குளுக்கும் நேரம் போச்சு, எனக்கும் மானம் போச்சு” என்பார். அந்த ஆள் கோபித்துக்கொண்டு நேராக என் கடைக்கு வருவார். நான் அடைத்து அனுப்புவேன்.

வேலை முடிந்ததும் பானட்டுக்கு உள்ளே ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டுவார். தேதி, எந்த கேஸ், எத்தனை கிராம், எங்கே ஓட்டை இருந்தது, கீழே அவர் கையெழுத்து. முப்பத்துநாலு வருஷம் ஒட்டினார். அடுத்துப் பார்க்கிற மெக்கானிக்குத் தெரியட்டும் என்பதற்காக ஒட்டினார். அந்த அடுத்த மெக்கானிக் நான்தான்.

தலைவர் கையைக் காட்டுகிறார். தீர்மானத்தைப் படிக்க வேண்டுமாம். படிக்கிறேன். ‘தமது ஒர்க்‌ஷாப்பில் கவனக்குறைவால் ஏற்பட்ட தீ விபத்தில் காயமுற்று, நான்காம் நாள் கோவை மருத்துவமனையில் இயற்கை எய்திய...’ போதும். யாருடைய கவனக்குறைவு? வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழியில் இறங்கி வெந்து போனவருடையதா? இதில் கையெழுத்துப் போடச் சொல்லி அக்காவின் வீட்டுக்கே ஆள் அனுப்பினீர்களே, உங்களுக்கெல்லாம் வெட்கமே கிடையாதா?

அந்தக் கார் யாருடையது? சின்னக்கானல் எஸ்டேட் சூப்பர்வைசர் பவுல்ராஜுடையது. கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷப் பழைய கார். மலையில் கண்ணாடியை இறக்கினால் போதும். மனைவியை மாதாமாதம் கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவருக்கு, சமவெளிக்கு இறங்கினால் ஏசி இல்லாமல் முடியாது. மே மாதம் நஞ்சப்பனிடம் போனார். ஓட்டை தேட ஒரு நாள் வேண்டும் என்றார் அவர். பவுல்ராஜ் என்னிடம் வந்தார். நான் அடைத்தேன்.

எதை அடைத்தேன்? தீப்பிடிக்காத 134 கேஸை அல்ல. மலிவு டின் கேஸ். அடுப்பு கேஸின் ஜாதிதான் அது. அடுப்பு கேஸுக்காவது நாற்றம் இருக்கும், இதற்கு அதுவும் கிடையாது. நன்றாகக் குளிரும், தீயும் பிடிக்கும். இந்த மண்டபத்தில் இருக்கிற நம் எல்லோருக்கும் இது தெரியும். டின்னை விற்கிற உங்களுக்கும் தெரியும், தலைவரே.

பானட்டுக்குள் நஞ்சப்பனின் பழைய சீட்டு இருந்தது. ‘134, ஐந்நூறு கிராம்.’ நான் அதைக் கிழிக்கவில்லை. அவர் கையெழுத்து இருந்தால் வண்டிக்கு ஒரு மதிப்பு என்று விட்டுவிட்டேன். பவுல்ராஜிடம், “இங்க அடைச்சதைப் பெரியவர்கிட்டச் சொல்லீராதீங்க, வைவாரு” என்றும் சொல்லி அனுப்பினேன்.

கேஸ் நிற்கவில்லை. ஆவணியில் வண்டி திரும்ப அவரிடமே போனது. அன்றைக்கு என்ன நடந்தது என்று பவுல்ராஜ் என் கடை வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னார்: “வேற எங்கயாவது கேஸ் அடைச்சீங்களான்னு கேட்டாருண்ணே. இல்லன்னுட்டேன். சீட்ட ஒரு தடவ பாத்தாரு, சரின்னுட்டாரு. நீங்க சொல்லாதீங்கன்னு சொன்னதுனாலதாண்ணே சொல்லல.”

தன் எழுத்தை நம்பினார். அதில் என்ன தப்பு? குழாய் ஓட்டையைப் பற்றவைக்க வேண்டும். மிச்சமிருந்த கேஸைத் திறந்து விட்டார், நாமெல்லாம் விடுவது போலத்தான். அதற்குப் பிறகும் கால் மணி நேரம் காத்திருந்தார். மழைக்காக ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. காற்றைவிடக் கனமான கேஸ், போய்க் குழியில் தங்கிவிட்டது. அவர் குழிக்குள் இறங்கி வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தார்.

அக்கா, உங்கள் வீட்டுக்காரரைக் கொன்றது நான். அழுது மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை, அந்த யோக்கியதை எனக்கு இல்லை. கூட்டம் முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறேன். பவுல்ராஜும் வருகிறார்.

என்ன சத்தம் அங்கே? “சங்கத்து மானத்தை வாங்காதே சஜ்ஜாத்தே” என்று கத்துவது யார்? வீரபாண்டி! மானமா? உன் கடைப் பின்பக்கம் காலி டின் எத்தனை கிடக்கிறது என்று நான் சொல்லவா, நீயே சொல்கிறாயா? உட்கார்.

தீர்மானத்தில் நான் ஒரே ஒரு திருத்தம் செய்கிறேன். ‘கவனக்குறைவால்’ என்பதை அடித்துவிட்டு, ‘சங்க உறுப்பினர் சஜ்ஜாத் ரகசியமாக அடைத்த கேஸால்’ என்று எழுதியிருக்கிறேன். செயலாளர் அவர்களே, இதைத் தட்டச்சு செய்து கொண்டு வாருங்கள். அக்கா கையெழுத்துப் போடுவார்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது இரண்டு நிமிட மௌன அஞ்சலி. எதற்கு? பத்தொன்பது நாளாக மௌனமாகத்தானே இருக்கிறோம்! அவர் பணியைத் தொடர்வோம் என்று சபதம் எடுக்க வந்தவர்கள்தானே நீங்கள்? அவர் பணி ஓட்டையைக் கண்டுபிடிப்பது. அந்த கேஸை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவர் சீட்டையும் ஒட்டிக்கொண்டு எத்தனை கார்கள் இந்த ரோட்டில் ஓடுகின்றன? நாளைக்கு எவன் டார்ச்சைப் பற்றவைப்பான்? கௌசிகா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து, யார் வண்டியில் அடைத்தீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். அந்த வண்டிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய் எச்சரிப்பேன். ஜாமீன் கிடைக்காவிட்டால் என் தம்பி கலீல் போவான்.

நான் ஆரம்பிக்கிறேன். என் கணக்கில் பதினொரு வண்டி. எழுதிக்கொள் அம்மா. ஒன்று, பவுல்ராஜுடையது, எரிந்துவிட்டது. இரண்டு, வெள்ளை நிறம், சித்திரை மாதம் அடைத்தேன். தலைவரே, மைக்கைப் பிடுங்காதீர்கள். உங்கள் மருமகன்தான் கொண்டு வந்தார். உங்கள் மகளும் பேத்தியும் தினமும் பள்ளிக்கூடம் போகிற கார்.