வீடியோவில் வருகிற பாப்பா

ஹலோ… ஹலோ, யாருங்க? … ஆமாங்க, எழிலரசிதான் பேசறன். … ஆமா, ஆமா, யூட்யூப்ல 'வூட்டுப் பாடம்' போடற எழிலரசியேதான். நீங்க? … கொஞ்சம் சத்தமா பேசுங்க, பின்னால ஒரே தண்ணி எரைச்சலா கேக்குது…

அடடா, மாதப்பண்ணனா! ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டற மாதப்பண்ணன்! ஈஸ்வரியோட அப்பா! நம்பர் மாத்திட்டீங்களா, அதான் தெரியல. சொல்லுங்கண்ணா, சொல்லுங்க. … நாங்க நல்லாருக்கோம். ஈஸ்வரி எப்படி இருக்குது? பாடமெல்லாம் பாக்குதா?

…

எதுக்குண்ணா கூப்புட்டீங்க? … அந்தப் பின்னக் கணக்கு ஒர்க்ஷீட்டு தொறக்கலைன்னுதான? நெறைய பேரு அதையேதான் சொன்னாங்க. அது ஒண்ணும் இல்லண்ணா, லிங்க்க மாத்திட்டாங்க, புதுசு இன்னிக்கே குரூப்புல போட்டுர்றன். அப்பறம் அறிவியலுக்கு சர்க்கார் புத்தகமே பிடிஎஃப்பா கெடைக்குது, எறக்கி வெச்சிக்கிட்டா நெட்டு இல்லைன்னாலும் படிக்கலாம். எங்கயாச்சும் காசு கேட்டுச்சுன்னா அது வேற சைட்டு, உடனே வெளிய வந்துருங்க. நான் அனுப்பறது எல்லாமே சும்மா கெடைக்கறது மட்டுந்தான்…

ம்? … பாடம் பத்தி இல்லையா? … சரி, சரி. சொல்லுங்க.

… யாரப் பாத்தீங்க?

… கவியவா? எம் பொண்ணு கவிப்பிரியாவையா?

… அது… அது வந்துண்ணா… சும்மா டூருக்குப் போனா. பக்கத்து வூட்டுப் புள்ளைங்க ஸ்கூல்ல ஒகேனக்கல் போறாங்கன்னு, இவளும் வர்றன்னு அழுதா, சரி போயிட்டு வான்னு… … யூனிஃபார்மா? … அது அந்தப் புள்ளைங்களோடதுதான் ஒண்ணு, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு போட்டு அனுப்பனன்…

…

ஐடி கார்டா.

… ம். … லைஃப் ஜாக்கெட்டு மாட்டிவிடும்போது பாத்தீங்களா. … பேரு, கிளாஸு எல்லாம் போட்டிருந்துச்சா. … ம். … ம்.

ஒரு நிமிசம் இருங்கண்ணா. கதவச் சாத்திட்டு வந்துர்றன்.

… ஆங், இருக்கீங்களா? … இல்லண்ணா, இனிமே சுத்தி வளைக்கல. நீங்க பாத்தது நெஜந்தான். கவி ஸ்கூலுக்குத்தான் போறா. ஜூன் மாசத்துலருந்து போறா.

… ஆமாண்ணா.

… ஆமா. பக்கத்து வூட்டுக் கதை பொய்தான். வாயில வந்துருச்சு.

… ஈஸ்வரி பாத்துச்சா? அது எங்க இருந்துச்சு அப்ப? … அண்ணி மீன் வறுக்கற கடையில… ம்… ஓடி வந்துச்சா? … 'அப்பா, வீடியோல வர்ற பாப்பா'ன்னு… ஐயோ. … கவிகிட்ட பேசுச்சா? அவ்ளோ பேருக்கு நடுவுல, ஈஸ்வரியா பேசுச்சு? … திக்கித் திக்கித்தான், ஆமா, தெரியும். … கவி நின்னு கேட்டாளா? சிரிக்கல இல்ல? … ம். அந்த மட்டும் நல்லது. கூட இருந்த புள்ளைங்க? … ம்.

… 'ஏன் யூனிஃபார்ம் போட்டிருக்கே'ன்னு கேட்டுச்சா. … கவி என்ன சொன்னா? … 'ஸ்கூலுக்குப் போறன், அதான்'னுட்டாளா.

அவ மேல தப்பு இல்லண்ணா. அவ நெஜத்த சொல்லியிருக்கா. எங்கிட்ட இதச் சொல்லவே இல்ல தெரியுங்களா? டூர் போயிட்டு வந்ததுலருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கா. பரிசல் சுத்துனதுல தல சுத்துதோன்னு எலுமிச்சம்பழத் தண்ணி போட்டுக் குடுத்தன். எனக்கு எங்க தெரியும்…

… என்ன கேட்டுச்சு?

… இன்னொரு தரம் சொல்லுங்கண்ணா, சரியா கேக்கல.

… 'அப்ப நான் மட்டுந்தானா'ன்னு கேட்டுச்சா.

…

… இருக்கறண்ணா. இருக்கறன். லைன்லதான் இருக்கறன்.

… அன்னிலருந்து போனையே தொடலையா? பாடம் எதுவும் பாக்கலையா? … சாப்புடுதா? … ம்.

… ஆமாண்ணா. சொன்னன். நாந்தான் சொன்னன். இதே போன்லதான். நீங்க பயந்தீங்க. பங்காளிங்க எல்லாம் கேள்வி கேப்பாங்க, புள்ளைய நிறுத்துனா நாளைக்கி என்ன ஆவும்னீங்க. கிளாஸ்ல அது பேசறதயே மத்த புள்ளைங்க திருப்பிப் பேசிக் காட்டறாங்க, காத்தால ஸ்கூல் நேரம் வந்தாலே வாந்தி எடுக்குதுன்னீங்க. அப்ப நான், 'எம் பொண்ணையே நான் அனுப்பல, நீங்க தைரியமா நிறுத்துங்கண்ணா, எல்லாம் போன்லயே இருக்குது'ன்னு… ஆமா. அதே வார்த்தைதான்.

… இல்லண்ணா, அன்னிக்கி அது நெஜம். சத்தியமா நெஜம். அன்னிக்கி கவி வூட்லதான் படிச்சிக்கிட்டு இருந்தா.

… ஏன் சேத்தன்னா கேக்கறீங்க? … கேக்க வேண்டியதுதான். கேளுங்க.

பாடத்துல ஒரு கொறையும் இல்லண்ணா. அத மட்டும் நீங்க தப்பா நெனச்சிக்கக் கூடாது. அவ படிப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. தீர்த்தமலையில எங்க நாத்தனா புள்ளைக்கி காது குத்து வெச்சாங்க. சொந்தக்காரப் புள்ளைங்க எல்லாம் மண்டபத்துக்கு வெளிய வெளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க. நீயும் போ கண்ணுன்னு கவிய அனுப்பனன். போனா. போயி அதுங்க முன்னாடி நின்னா. நின்னுக்கிட்டு… என்ன சொன்னா தெரியுங்களா? 'வணக்கம் நண்பர்களே, இன்னிக்கி நாம என்ன பாக்கப் போறோம்னா'…

… ஆமாண்ணா. வீடியோல ஆரம்பிப்பா இல்ல, அதேதான். கைய வேற அதே மாதிரி ஆட்டுனா. வெளையாட்டுக்குச் சொல்லலண்ணா. வேற எப்புடிப் பேச்ச ஆரம்பிக்கறதுன்னே அவளுக்குத் தெரியல. அதுங்க எல்லாம் கெக்கெக்கென்னு சிரிச்சிதுங்க. இவளும் எதுக்குன்னு தெரியாம கூடச் சேந்து சிரிச்சா. நான் சோத்துத் தட்ட கையில வெச்சிக்கிட்டு பாத்துக்கிட்டு நிக்கறன்.

வூட்டுக்கு வந்ததும் எங்க வூட்டுக்காரரு, 'போதும் எழிலு, புள்ளைய சேத்துரலாம்'னாரு. நானும் சரின்னுட்டன்.

… ம். … ம். ஆமா. சேத்தது தப்பில்ல. நீங்க சொல்றது சரி. சேத்துட்டு மறைச்சனே, அதுதான்.

… எதுக்கு மறைச்சன்னா கேக்கறீங்க? இன்னிக்கி சொல்லிரலாம், நாளைக்கி சொல்லிரலாம்னு போச்சு. குரூப்ப தொறந்தா, 'உங்களப் பாத்துத்தான் எங்களுக்குத் தெம்பு'ன்னு யாராச்சும் ஒருத்தர் போட்டிருப்பாங்க. அரூர்லருந்து, பாலக்கோட்டுலருந்து, ஏரியூர்லருந்து. அத படிச்சிட்டு எப்புடிண்ணா… பேரு வாங்கிட்டன். அத வுட மனசு வரல. அவ்ளோதான்.

… ஞாயித்துக்கெழமதான். ஞாயித்துக்கெழம வீடியோ எடுத்துத்தான் போட்டுக்கிட்டு இருந்தன். … ஆமா, ஆரம்பத்துல 'நாங்க ஸ்கூலுக்குப் போறதில்ல, வூட்லயே படிக்கறோம்'னு வருது இல்ல… அதையும் அவ வாயாலதான் சொல்ல வெச்சன். ஜூனுக்கு அப்பறமும்.

… கேட்டாண்ணா. கேக்காம இருப்பாளா? 'எதுக்கும்மா பொய் சொல்லணும்'னா. 'அது பழக்கத்துக்குச் சொல்றது கண்ணு, வணக்கம் சொல்ற மாதிரி'ன்னன்.

…

திட்டுங்கண்ணா. திட்டிருங்க. நீங்க இப்புடி மெதுவா பேசறதுதான்…

… இல்ல, இல்லண்ணா, நான் ஒண்ணு பண்றன். அந்த வீடியோ எல்லாத்தையும் இப்பவே எடுத்துர்றன். சேனலையே மூடிர்றன். யாருக்கும் இனிமே… … என்ன? … என்னண்ணா, ஏன் சத்தம் போடறீங்க? … சரி, சரி… இல்ல, எடுக்கல. எடுக்கல… ஆமா. ஆமாண்ணா. புரியுது. அத எடுத்துட்டா ஈஸ்வரி எதப் பாத்துப் படிக்கும். … ஆமா. யோசிக்காம சொல்லிட்டன். எனக்கு வெக்கமா இருக்குதுன்னு அது படிப்புல கைய வெக்கப் பாத்தன். தப்பு.

… என்னது, மூணாங்கிளாஸ் தமிழ் புக்க முழுசாவா? … பாறை மேல ஒக்காந்து சத்தமா படிக்குமா? … திக்காமயா? … தண்ணி சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு தைரியமா படிக்குமா… நீங்க இத எங்கிட்ட சொல்லவே இல்லியேண்ணா.

… ம். சொல்லத்தான் இருந்தீங்களா.

…

… என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்றன். … எல்லாருக்கும் நெஜத்த சொல்லணுமா? … குரூப்புல போட்டாப் பத்தாதா? … வீடியோலயேவா?

… அண்ணா, அதுல எத்தன வூட்டுக்காரங்க இருக்காங்க… உங்கள மாதிரியே நிறுத்தனவங்க இருக்காங்க. நீங்க ஒருத்தரு கூப்புட்டுக் கேட்டுட்டீங்க. அவங்க எல்லாரும் ஆளாளுக்குக் கேட்டாங்கன்னா… … ம். … ம். ஆமா. கேக்கட்டும்னு சொல்றீங்க.

… சரி.

… சரிண்ணா, சொல்லிட்டன் இல்ல, பண்றன். அவள வெச்சி இல்ல. நானே ஒக்காந்து சொல்றன். இந்த ஞாயித்துக்கெழம. … இல்லைங்க, ஏமாத்த மாட்டன். … நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல.

… அதயா? அத எங்கிட்ட கேக்காதீங்கண்ணா. … ஸ்கூலுக்குத் திரும்ப அனுப்பறதா, வூட்லயே வெச்சிக்கறதான்னு நான் இனிமே ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். உங்க புள்ளைக்கி அங்க நடந்தது வேற, எம் புள்ளைக்கி இங்க நடந்தது வேற. ரெண்டுக்கும் ஒரே மருந்த எழுதிக் குடுத்தன் பாருங்க… ஈஸ்வரியக் கேளுங்க. அதுக்குத் தெரியும். … கேட்டீங்களா?

… பக்கத்துல இருக்குதா? இவ்ளோ நேரமும் பக்கத்துலயா இருக்குது?

… எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்துச்சு?

… ஐயோ, ஸ்பீக்கர்லயா போட்டிருந்தீங்க.

… ம். இல்ல, பரவால்ல. கேட்டது நல்லதுதான். … எங்கிட்டயா? எங்கிட்ட பேசணுங்குதா? போன்ல பேசவே பேசாதுன்னு சொன்னீங்க. … குடுங்க. குடுங்கண்ணா, குடுங்க. உங்களுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தா நீங்க பரிசலுக்குப் போங்க, நான் பேசிக்கறன்.

… ஈஸ்வரி? … கண்ணு, நான் எழிலரசி அக்கா.

…

… ம், கேக்குது சாமி. … ம். … மெதுவா சொல்லு. எனக்கு ஒரு வேலையும் இல்ல.

…

… கவியா? இன்னும் வரல கண்ணு, பஸ்சு வர்ற நேரந்தான். … ஆமா. புடிச்சிருக்குதுங்கறா. … முதல்ல யாரும் பேசல. இப்ப ஒரு புள்ள பேசுது, மணிமேகலைன்னு. … ம்… அது வந்து… சிரிச்சாங்க. ஆமா, சிரிச்சாங்க. வந்து அழுதா. … இல்ல, இப்பவும் சில நாளு அழுவறா.

…

… நீ மட்டும் இல்ல சாமின்னு நான் சொல்லணும்னு பாக்கறன். ஆனா எனக்குத் தெரியல. குரூப்புல இருக்கற புள்ளைங்க ஒண்ண ஒண்ணு பாத்ததே இல்ல. நான் யாரையும் யாரோடயும் பேச வெக்கல. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதையும் நான் யோசிக்கல.

… ம்?

… சொல்லு. …

… ம். 'நீங்க'… ம்.

…

… கேக்குது கண்ணு. … இல்ல, நான் சொல்ல மாட்டன். உனக்காக நான் முடிக்க மாட்டன். நீயே சொல்லு. என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரிஞ்சாலும் நீதான் சொல்லணும்.

…

… ம். … பொ… ம். இருக்கறன்.

…

… நீங்க சொல்ல வேணாம்ணா, வுடுங்க. அதுவே சொல்லட்டும். … நீ சொல்லு சாமி.

…

…

ம்.

கேட்டுச்சு. தெளிவா கேட்டுச்சு. ஆமா ஈஸ்வரி, பொய்தான் சொன்னன். உங்கிட்டயும் சொன்னன்.

… ம்.

… சரி கண்ணு. வெச்சிரு.